வேர்டில் எழுத்தின் நடுவே கோடு போடுவது எப்படி?

எழுத்துகளின் நடுவே கிடைக்கோடு ஓடினாலும் சொல்லைப் படிக்க முடியும். இதைத்தான் ஸ்ட்ரைக்த்ரூ என்கிறார்கள். மளிகைச் சீட்டில் வாங்கி முடித்த பொருளைப் பேனாவால் அடிப்போமே, அதேதான். முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன மாறியது என இரண்டும் தெரிய வேண்டும் என்பதற்காகவே அழிக்காமல் அடிக்கிறோம். ஒப்பந்த வரைவைப் பலர் சேர்ந்து திருத்தும்போது இதன் அருமை புரியும்.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் சொல்லைத் தேர்ந்தெடுத்து, ஹோம் பகுதியில் கோடு விழுந்த ஆங்கில எழுத்துகள் உள்ள பொத்தானை அழுத்துங்கள். மறுபடி அழுத்தினால் கோடு போய்விடும். விண்டோஸ் கணினியில் கூகுள் டாக்ஸ் என்றால் ஆல்ட், ஷிஃப்ட், 5 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

அடித்த சொல் நீங்கிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது கோப்பில் அப்படியே இருக்கிறது, தேடினால் அகப்படும், ஆகவே ரகசியத் தகவலை அடித்துவிட்டு அனுப்பாதீர்கள், நீக்கிவிட்டே அனுப்புங்கள்.