கடவுள் யார் பக்கம்?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1963-இல் எழுதிய, ‘கடவுள் நம் பக்கம்’ என்று பொருள்படும் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் எனக்கு அது கடவுளைப் பழிப்பதாகவே படுகிறது. இதைப் போர் எதிர்ப்புப் பாட்டு என்று எப்படிச் சொல்கிறார்கள்?
– ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: உங்கள் மனவருத்தம் புரிகிறது, அம்மா. ஆனால் அந்தப் பாட்டின் கோபம், கடவுளைத் தன் படையில் சேர்த்துக்கொள்ளும் நாட்டின் மீதுதான். செவ்விந்தியர்களைக் குதிரைப்படை வீழ்த்தியதில் தொடங்கி, ரஷ்யர்களை வெறுக்கக் கற்பித்தது வரை, தன் நாட்டின் போர்களைப் பள்ளிப் பாடம்போல் ஒப்பிக்கிறான் அதில் பேசுகிறவன். ஒவ்வொன்றுக்கும் அவனுக்குச் சொல்லித்தரப்பட்ட நியாயம் அந்த ஒரு வரிதான்.

யூதாசைப் பற்றிய பகுதியே உங்களை அதிகம் சுட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இயேசுவை முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்தவன் பக்கமும் கடவுள் இருந்தாரா என்று கேட்டுவிட்டு, நீங்களே முடிவு செய்யுங்கள் என்று நம்மிடம் விட்டுவிடுகிறது பாட்டு. டிலன் இதை முதலில் மேடையேற்றியது 1963 ஏப்ரல் 12 அன்று, நியூயார்க்கில். அன்று பெரிய வெள்ளி. அதற்கு முந்தின நாள், பெரிய வியாழனன்று, திருத்தந்தை 23-ஆம் யோவான் வெளியிட்ட சுற்றுமடல், அணு ஆயுதக் காலத்தில் மீறப்பட்ட நீதியை மீட்கப் போர் ஏற்ற கருவி என்று எண்ணுவது அறிவுக்கு ஒவ்வாது என்றது. கடவுள் நம் பக்கம் இருந்தால் அடுத்த போரை அவரே நிறுத்துவார் என்று டிலனின் பாட்டு முடிகிறது. நம்பிக்கையற்ற நெஞ்சிலிருந்து இந்த வரி வந்திருக்கும் என்று என்னால் எண்ண முடியவில்லை.

மதங்கள் எல்லாப் போரையும் மறுத்தன என்று சொல்ல முடியாது. 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்வினாஸ், உரிய ஆட்சியதிகாரம், நேரிய காரணம், நல்ல நோக்கம் மூன்றும் இருந்தால்தான் போர் நீதியாகும் என்றார். கடிவாளமாகச் சொன்னதை ஆள்வோர் பலர் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

1914 செப்டம்பர் 22 இரவு உங்கள் ராயபுரத்தை அடுத்த துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைத் தீக்கிரையாக்கிய ‘எம்டன்’ ஒரு ஜெர்மன் கப்பல். அந்த முதல் உலகப் போரில் ஜெர்மன் தரைப்படை வீரர்களின் பெல்ட் பக்கிளில் ‘கடவுள் எங்களோடு’ என்று பொறித்திருந்தது; இங்கிலாந்தின் தேவாலயங்களிலும் அதே கடவுளிடம்தான் வெற்றி கேட்டு மன்றாடினார்கள்.

நம் சங்கப் புலவர் கோவூர்கிழார் இதை முன்பே பார்த்துவிட்டார். உறையூரைச் சோழன் நலங்கிள்ளி முற்றுகையிட, உள்ளே அதே சோழர் குடியின் நெடுங்கிள்ளி அடைத்திருந்தபோது, உன் எதிரி சூடியிருப்பது சேரனின் பனையும் அன்று, பாண்டியனின் வேம்பும் அன்று, உன்னுடையதும் சோழரின் ஆத்தி, அவனுடையதும் ஆத்தி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்றார். புறநானூற்றில் 45-ஆம் பாட்டு அது. மகனோடு சேர்ந்து படித்துப் பாருங்கள்.