நோயைத் தாங்கும் 'பயோடெக்' நெல் என்கிறார்களே, அது மரபணு மாற்றுப் பயிர்தானே? நம்பி நடலாமா?

போன சம்பாவில் உங்கள் கழனியிலும் இலை கருகியிருக்கும். யாரோ ஐதராபாத் விதை என்று ஒன்றைச் சொல்லியிருப்பார்கள். வீட்டில் ஒருவர் 'லேபில் செய்த நெல்லா, வேண்டவே வேண்டாம்' என்று குதித்திருப்பார். எங்கள் வீட்டில் குதித்தவன் நான். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எந்த விதைக் கம்பெனிக்கும் ஆள் இல்லை. படித்தது பி.காம். பாரம்பரிய நெல் நண்பர்கள் திட்ட வருவதற்குள் இதையும் சொல்லிவிடுகிறேன்: எங்களிடம் இன்றும் பத்து சென்டில் கிச்சிலிச் சம்பா இருக்கிறது, பொங்கலுக்கென்று. நாம் ஆந்திரா பொன்னி என்று சாப்பிடும் சம்பா மசூரியின் (ரக எண் பிபிடி 5204) பூர்வீகத்திலும் கிச்சிலிச் சம்பாவிலிருந்து கோயம்புத்தூரில் எடுத்த ஜி.இ.பி. 24 என்ற ரகம் உண்டு. இது தெரியாமல்தான் அதை அந்நிய அரிசி என்று பலர் பேசுகிறார்கள்.

எங்கள் ஊர் ஊத்துக்கோட்டைக்கு வடக்கே, எல்லையை ஒட்டி. வீடு தமிழ்நாட்டில், கழனி ஆந்திராவில். 2020-இல் ஊரடங்கால் சென்னையிலிருந்து வந்து வீட்டோடு கிடந்தேன். நாகலாபுரத்து மாமா பத்து கிலோ விதை கொண்டுவந்தார். பெயர் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி. ஐதராபாத்தில் டி.என்.ஏ. பார்த்துச் செய்தது என்று அவர் சொன்னதுதான் தாமதம், வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டையும் நடுவோம். எது நிக்குதுன்னு பாக்கலாம்" என்றார். மேட்டுப் பக்கம் நாற்பது சென்டில் மாமா விதை, மீதி இரண்டு ஏக்கரில் வழக்கமான ஆந்திரா பொன்னி.

நாற்று கொஞ்சம் முற்றிவிட்டது. உயரமாக இருக்கிறதே என்று நுனியைக் கிள்ளி நட்டோம். அது தப்பு, கிள்ளிய காயத்தின் வழியாகவும் இந்த இலைக்கருகல் நோய் உள்ளே போகும். பச்சை கட்டட்டும் என்று நான் ஒரு மூட்டை யூரியாவும் கூடுதலாகப் போட்டேன். அதுவும் தப்பு.

நவம்பர் 25 ராத்திரி நிவர் புயல் கரை கடந்தது. எங்கள் பக்கமும் காற்றும் மழையும் விடவில்லை. இலையோடு இலை உரசிக் கிழிந்து கிடந்தது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் நுனியிலிருந்து இரண்டு ஓரமும் அலை அலையாக மஞ்சள், அப்புறம் வைக்கோல் நிறம். கடைக்காரர் பூஞ்சாண மருந்து கொடுத்தார். இரண்டு முறை அடித்தோம். காசு போனதுதான் மிச்சம்.

மாமா வந்து பார்த்தார். வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவிடம் ஒரு கண்ணாடி டம்ளர் வாங்கி, தெளிந்த தண்ணீர் ஊற்றி, கருக ஆரம்பித்த ஓரத்தை ஒரு துண்டு வெட்டி அதில் விட்டு வெயிலுக்கு நேரே பிடித்தார். கொஞ்ச நேரத்தில் வெட்டிய வாயிலிருந்து பால் மாதிரி ஒரு நூல் இறங்கியது. "இது பூஞ்சாணமே இல்லடா. பாக்டீரியா. நீ அடிச்ச மருந்து இதைத் தொடவே தொடாது" என்றார்.

அப்புறம் மேட்டுப் பக்கம் போனோம். அதே காற்று, அதே மழை, அதே யூரியா. வரப்புக்கு இந்தப் பக்கம் வைக்கோல், அந்தப் பக்கம் பச்சை. அப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. ஏக்கருக்கு முப்பது மூட்டை கண்ட இடத்தில் அந்த வருஷம் பதினாறு, அதிலும் பாதி பதர்.

சரி, மரபணு மாற்றா என்று கேட்டீர்கள். இந்த விதை இல்லை. எக்ஸ்ஏ 21, எக்ஸ்ஏ 13, எக்ஸ்ஏ 5 என்று மூன்று மரபணுக்கள், மூன்றும் நெல்லினுடையவை. முதலாவது ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. ஒன்றை மட்டும் வைத்தால் பாக்டீரியா மாறிக்கொண்டு தப்பிவிடும் என்றுதான் மூன்று. பழையபடி பூவுக்குப் பூ மகரந்தம் சேர்த்து, திரும்பத் திரும்பச் சம்பா மசூரியோடே கலந்து எடுத்தது. டி.என்.ஏ. சோதனை எதற்கென்றால், எந்த நாற்றில் மூன்றும் சேர்ந்திருக்கிறது என்று சின்னதிலேயே கண்டுபிடிக்க. 2008-இல் வெளியானது. அரிசி அதே சன்னம், அதே ருசி. ரகம்தான், ஹைப்ரிட் இல்லை. விளைந்ததில் விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

மரபணு மாற்று, அதாவது வேறோர் உயிரின் மரபணுவை லேபில் உள்ளே நுழைத்தது என்று நம் நாட்டில் சட்டப்படி கழனியில் விளைவது 2002-இல் அனுமதித்த பருத்திதான். கத்தரிக்காயை 2010-இல் நிறுத்தி வைத்தார்கள். 2025 மே மாதம் அறிவித்த 'கமலா' நெல் மூன்றாவது வகை. சம்பா மசூரியின் சொந்த மரபணு ஒன்றையே திருத்திச் செய்தது. மூன்றையும் ஒரே கூடையில் போட்டு நான் கத்தியதுபோல் நீங்களும் கத்தாதீர்கள்.

அடுத்த வருஷம் இரண்டு ஏக்கர் நாற்பது சென்டிலும் மாமா விதையே. தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி வந்து நடுவில் வட்ட வட்டமாகத் தீய்த்துவிட்டது. விடுவேனா, போன் போட்டேன். "நான் என்ன புகையானுக்குன்னா கொடுத்தேன்?" என்று வைத்துவிட்டார். பூஞ்சாணத்தால் வரும் குலைநோய்க்கும் இதில் பாதுகாப்பு கிடையாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். புயல் நிவாரணம் கேட்டு அந்தப் பக்கம் போனால் "நீங்க தமிழ்நாட்டுக்காரங்க". இந்தப் பக்கம் வந்தால் "நிலம் ஆந்திராவுல இருக்குதே". பட்டாதார் பாஸ் புத்தகம் தெலுங்கில், ரேஷன் கார்டு தமிழில். கொள்முதல் நிலையத்தில் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு) கேட்பார்கள், எங்களிடம் இருப்பது வேறு மாநிலத்து அடங்கல். வியாபாரி சொன்ன விலைக்கு நெல்லைக் கொடுத்துவிட்டு வருவோம். எந்த விதையை நட்டு இதைச் சரிசெய்வது?

நீங்கள் விதை தேடுவதற்கு முன்னால் டம்ளர் சோதனையைச் செய்யுங்கள். நூல் இறங்கினால் இந்த ரகம் உங்களுக்கு உதவும். இறங்காவிட்டால் உங்களுடையது வேறு நோய், இதற்குக் காசைக் கொட்டாதீர்கள். பழைய டம்ளராக எடுங்கள். எங்கள் வீட்டு டம்ளரில் அம்மா அதற்கப்புறம் யாருக்கும் காபி கொடுப்பதில்லை, மாமாவைத் தவிர.