அத்தை ஏன் வருவதில்லை?

கேள்வி: பிறை ஆற்றங்கரையில் என் தாத்தா நடத்திய மரப்படகுப் பட்டறை இருந்த இடத்தில் இன்று கிடங்கு நிற்கிறது. அங்கே ஒரு நினைவுப் பலகை வைத்து, நினைவு மலரும் வெளியிட விரும்புகிறேன். படகுகளின் வரைபடம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. கணக்குப் புத்தகங்கள் அத்தையிடம் இருக்கலாம்; நிலம் விற்றபோது கையெழுத்துப் போட்டதோடு சரி, அவர் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: பலகையைப் பிறகு பார்க்கலாம். அத்தை கையெழுத்துப் போட்டார் என்று எழுதிய நீங்கள், அவருக்கு என்ன கிடைத்தது என்று ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ‘அண்ணன் பார்த்துக்கொள்வான்’ என்ற பேச்சை நம்பி நில அலுவலகத்தில் கையெழுத்திட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய பெண்களின் கதை இந்தப் பகுதிக்கு வராத மாதமில்லை. முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், மலேசியாவின் 1958-ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டம் மகன், மகள் என்று பேதம் பார்ப்பதில்லை. தாத்தா உயில் எழுதினாரா, அத்தையின் பங்கு அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று உங்கள் அப்பாவிடம் நேரடியாகக் கேளுங்கள். அவர் இல்லையென்றால், கேட்டுத் தீர்க்க வேண்டிய கடமை உங்களுடையது. கூடப் பிறந்தவளின் வயிற்றெரிச்சல் மேல் தாத்தாவின் பெயரை நிறுத்த முடியாது.

வரைபடம் இல்லையென்று வருந்துகிறீர்கள். இந்தத் தொழிலில் வரைபடம் எங்கே இருந்தது? திரங்கானு மாநிலத்தின் புலாவ் டூயோங் தீவுத் தச்சர்கள், செங்கால் மரப் பலகைகளை மர ஆணிகளால் பிணைத்து, இடையிடையே கெலாம் மரப்பட்டையை வைத்து, படகின் உடலை எழுப்பிய பிறகே உள்ளே வங்குக்கால்களை, அதாவது விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களை, பொருத்துவார்கள். அளவெல்லாம் அவர்கள் கண்ணிலும் கையிலும்தான். உங்கள் தாத்தா எந்த முறையில் கட்டினார், பலகை இடுக்குகளை எதை வைத்து அடைத்துக் கலப்பற்று செய்தார், மரம் எங்கிருந்து வந்தது, தச்சருக்கு என்ன கூலி கொடுத்தார் என்பதைச் சொல்ல அந்தப் புத்தகங்களையும் அத்தையையும் விட்டால் உங்களுக்கு வேறு வழி ஏது? 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த, பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுன் எல்லைக்குள் பிறைக் கரை வராது. வெளியார் யாரோ வந்து காப்பாற்றுவார்கள் என்றும் காத்திருக்காதீர்கள்.

பழத்தட்டோடு, மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். முதல் நாளில் கணக்குப் புத்தகத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. கைப்பேசியை நீட்டிப் பதிவு செய்யவும் கூடாது. பங்கு பாக்கியிருந்தால் தொகையைப் பேசி, எழுத்தில் வைத்து, கொடுத்து முடியுங்கள். பிறகு அவராகப் புத்தகங்களை எடுத்து வைத்தால், பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அசல் அவரிடமே இருக்கட்டும். பிரதியை அவர் சம்மதித்தால் மட்டும் தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள், மலரிலும் சேருங்கள். அவர் வேண்டாமென்றால் மலர் வேண்டாம்.