வாசகர் கேள்வி: நாற்பது வலைப்பூக்கள், ஓர் ஓடை

கேள்வி: என் மாணவர் நாற்பது பேரும் வாராந்தம் தத்தம் வலைப்பூவில் எழுதுகிறார்கள், ஒவ்வொன்றாகத் திறந்து வாசிக்க நேரம் போதவில்லை. வழி உண்டா?
– விரிவுரையாளர் ஒருவர், உப்புவெளி, திருகோணமலை.

பதில்: உண்டு. புதிய பதிவுகளை நம்மிடமே கொண்டுவந்து சேர்க்கும் ஆர்.எஸ்.எஸ். ஓடையை நெட்ஸ்கேப் நிறுவனம் 1999இலேயே அறிமுகப்படுத்திவிட்டது (பெயரைக் கேட்டு அரசியலை நினைத்துவிடாதீர்கள்). மாணவர்களுடைய வலைப்பூக்களின் ஓடை முகவரிகளை ஃபீட்லி போன்றதோர் ஓடை வாசிப்பானில் ஒருமுறை பதிந்துவிட்டால், நாற்பது பேரின் எழுத்தும் நாள் வரிசைப்படி ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். பலரும் நம்பியிருந்த கூகுள் ரீடர் என்ற ஓடை வாசிப்பான் 2013இல் மூடப்பட்டதை மறவாமல், முகவரிப் பட்டியலை ஓ.பி.எம்.எல். கோப்பாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு வாசிப்பானுக்கு மாற அது போதும். பின்னூட்டத்தை மட்டும் நீங்கள்தான் எழுத வேண்டும்; வாரத்துக்குப் பத்துப் பேர் என்று முறைவைத்து எழுதலாம்.