பெரிய மாநாடுகளில் ‘போஸ்டர் அமர்வு’ என்றால் என்ன? போக வேண்டுமா?

ஆய்வை மேடையில் பேசாமல், பெரிய தாளில் அச்சிட்டுப் பலகையில் ஒட்டி, செய்தவரே பக்கத்தில் நின்று விளக்குவதுதான் போஸ்டர் அமர்வு. அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் டிசம்பர் மாநாட்டுக்கு 20,000 பேருக்கு மேல் வருகிறார்கள்; அத்தனை ஆய்வுக்கும் மேடையும் நேரமும் எங்கே கிடைக்கும்? வாரச்சந்தை மாதிரிதான்: வேண்டிய கடையில் நின்று விசாரிக்கலாம், மற்றதைக் கடந்து போகலாம்.

கட்டாயம் போங்கள். முந்தின இரவே மாநாட்டுச் செயலியில் ஐந்தாறு பலகை எண்களையும், ஆய்வாளர் அங்கே நிற்கும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லாமல் அந்தக் கூடத்தில் தேடினால் கால்தான் வலிக்கும். “இரண்டே நிமிஷத்தில் சொல்ல முடியுமா?” என்று கேளுங்கள், முகம் மலர்ந்து விளக்குவார்கள்.

மேடை கிடைக்காத மட்டமான ஆய்வுகள்தான் போஸ்டராகும் என்பது தவறு. பலர் இதை விரும்பியே கேட்டு வாங்குகிறார்கள்.