எண்ணெய், கொழுப்பு அதிகம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வருமா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் வீட்டில் யாருக்கோ ரிப்போர்ட் வந்திருக்கும், சமைத்துப் போட்டவரை யாரோ குறை சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

அப்பாவுக்கு 58 வயதில் பெருங்குடலில் கட்டி. பார்க்க வந்த அத்தை, அம்மா காதில் விழும்படியே, "இவ்வளவு எண்ணெய் ஊத்திச் சமைச்சா வராம என்ன பண்ணும்?" என்றார். மறுநாளே அம்மா எண்ணெய் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுத ஆரம்பித்துவிட்டார். ராத்திரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். அந்தக் கோடுகளைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். நான் டாக்டர் இல்லை, அதைச் சொல்லி யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

கொழுப்புக்குப் பங்கு இருக்கிறது. கொழுப்பு கூடினால் அதைச் செரிக்கப் பித்தநீரும் கூடுதலாகச் சுரக்கும். அதில் ஒரு பகுதி பெருங்குடல் வரை போய்விடும், அங்கே இருக்கிற பாக்டீரியா அதை டிஆக்ஸிகோலிக் அமிலமாக மாற்றும், அது குடல் செல்களின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும். அப்புறம் ஒமேகா-6, சமையல் எண்ணெய்களில் இருக்கிற ஒரு வகைக் கொழுப்பு. அதிலிருந்து உடலில் உருவாகிற அராக்கிடோனிக் அமிலத்தை காக்ஸ்-2 என்ற நொதி புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற வேதிப்பொருளாக்குகிறது, கட்டி வளர அது துணை போகிறது. ஆஸ்பிரின் இந்த நொதியையும் தடுக்கிறது. லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற, இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்குத் தினம் 600 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த ஆய்வில், சில வருடம் கழித்து இந்தப் புற்றுநோய் குறைந்திருந்தது. (நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம்.)

ஆனால் பியூட்ரேட்டும் ஒரு கொழுப்பு அமிலம்தான். நாம் சாப்பிடும் நார்ச்சத்திலிருந்து குடல் பாக்டீரியா தயாரிப்பது. பெருங்குடல் செல்களுக்கு முக்கிய எரிபொருளே அதுதான். நல்ல செல் அதை எரித்துவிடும். புற்றுச் செல் பெரும்பாலும் குளுக்கோஸை நம்பியே ஓடுவதால் பியூட்ரேட் எரியாமல் உள்ளே தேங்கி, அந்தச் செல்லின் வளர்ச்சியையே முடக்குகிறது. ஆய்வகத்தில் இதைப் பார்த்திருக்கிறார்கள். அப்படியிருக்க, கொழுப்பு என்று மொத்தமாக ஒரு பெயர் வைத்து ஒருத்தர் தலையில் எப்படிப் பழி போட முடியும்?

அமெரிக்காவில் 48,835 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2006-இல் வந்தது. கொழுப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு, சராசரியாக 8 வருடம் கழித்தும், இந்தப் புற்றுநோய் குறையவில்லை. பாலிப் (குடலின் உள்சுவரில் முளைக்கும் சின்னச் சதை வளர்ச்சி) புற்றாக மாறவே 10 வருடம் ஆகலாம், 8 வருடம் போதாது என்பீர்கள். சரி, நியாயம்தான், கொழுப்புக்குச் சம்பந்தமே இல்லை என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அன்று அதை அம்மாவுக்கு வரி வரியாகப் படித்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ நான் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அத்தை இன்று வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் தவறு வேறு. ஒன்றரை வருடமாக மலத்தில் ரத்தம் வந்தும், மூலம் என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருந்தார் அப்பா, நாங்களும் விட்டுவிட்டோம். இதில் இன்னொரு கொடுமை, அந்தக் களிம்புக்கு வாங்கிய மருந்துச் சீட்டைக் காட்டியே "ஏற்கெனவே இருந்த நோய்" என்று இன்சூரன்ஸில் க்ளெய்மை மறுத்தார்கள். ஆபரேஷன் முடிந்து வலியில் கிடக்கிற மனிதரிடம் ஃபோன் செய்து, முதலில் ரத்தம் பார்த்த தேதி என்ன என்று கேட்டார்கள். ஏழு மாதம் கடிதம் கடிதமாக எழுதித்தான் பணம் வந்தது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் அந்த ஃபோனை மறக்க முடியவில்லை.

உங்கள் வீட்டில் அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர் யாருக்காவது வந்திருந்தால், உங்களுக்கு 40 வயதிலோ, அவருக்கு வந்த வயதுக்கு 10 வருடம் முன்போ, எது முந்துகிறதோ அப்போது கொலனாஸ்கோபி (கேமரா வைத்த குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ளுங்கள். நான் 40-இல் செய்தேன், 2 பாலிப் எடுத்தார்கள்.