மீன்தொட்டிச் செடிகளுக்கு எத்தனை ட்யூப் போடலாம்?

கேள்வி: என் நன்னீர்த் தொட்டி 90 செ.மீ. நீளம், 38 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். முன்னால் கிரிப்டோகொரைன், மரத்துண்டில் கட்டிய ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும், பின்வரிசையில் வாலிஸ்னேரியா. நட்ட இரண்டே வாரத்தில் கிரிப்டோகொரைன் இலைகள் கூழாகக் கரைந்துவிட்டன. இருப்பது ஒரே ஒரு 18 வாட் ட்யூப். வெளிச்சம் போதவில்லை என்று நினைக்கிறேன். நான்கு ட்யூப் போட்டுவிடலாமா? செடிக்கென்றே விற்கும் ஊதா நிற ட்யூப் வாங்கலாமா?

பதில்: நான்கு வேண்டவே வேண்டாம், இரண்டு போதும். அதற்கு முன்னால் கிரிப்டோகொரைனைப் பார்த்துவிடுவோம். அது கரைந்ததற்கு வெளிச்சக் குறைவைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். அந்தச் செடிக்கு இடம் மாறினாலே, தண்ணீர் மாறினாலே இலையை உதிர்க்கும் சுபாவம் உண்டு. வேர் உயிரோடுதான் இருக்கும். பிடுங்கிப் பார்க்காதீர்கள். கரைந்த இலைகளை மட்டும் அடியோடு கிள்ளி எடுத்துவிட்டுக் காத்திருங்கள். சில வாரங்களில் மண்ணை ஒட்டி, சுருட்டிய காகிதம் போலப் புது இலை எட்டிப் பார்க்கும்.

இப்போது ட்யூப். கல், மண் எல்லாம் போக உங்கள் தொட்டியில் சுமார் 130 லிட்டர் தண்ணீர் இருக்கும். நீங்கள் வைத்திருக்கும் நான்கு செடிகளுமே குறைந்த வெளிச்சத்தில் வாழக்கூடியவை. லிட்டருக்கு 0.3 வாட் அளவில் ஃப்ளூரசன்ட் வெளிச்சம் கிடைத்தால் நிம்மதியாக வளரும். டி5 என்னும் மெல்லிய ட்யூப் வகையில் 21 வாட் ட்யூப் 849 மில்லிமீட்டர் நீளம். 90 செ.மீ. தொட்டியின் மூடிக்குள் இரு பக்கமும் ஹோல்டருக்கு இடம் விட்டு அழகாக உட்காரும். அதில் இரண்டு போட்டால் 42 வாட், கணக்கு சரியாக வந்துவிடும். டி8 என்னும் தடித்த வகையில் 30 வாட் ட்யூப் 895 மில்லிமீட்டர், மூடிக்குள் நுழையாது. டி5-இலேயே அதே நீளத்தில் 39 வாட் ட்யூபும் உண்டு. நீளம் ஒன்றுதானே என்று 21 வாட் பேலஸ்டில் (ட்யூபுக்கு மின்சாரத்தை அளவாகக் கொடுக்கும் சோக்) அதை மாட்டக் கூடாது.

நான்கு ஏன் வேண்டாம்? வெளிச்சம் கூடினால் செடி வேகமாகச் சாப்பிடப் பார்க்கும். அந்த வேகத்துக்குக் கரியமில வாயுவும் உரமும் தண்ணீரில் இருக்காது. செடி அப்படியே நின்றுவிடும், மிச்சமாகும் வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். நானே ஒரு தொட்டியில் ஆசைப்பட்டு நான்கு ட்யூப் போட்டேன். பத்து நாளில் அனுபியாஸ் இலைகளின் ஓரமெல்லாம் கறுப்பு மயிர் போலப் பாசி முளைத்துவிட்டது. விரலால் தேய்த்தால் வராது. இலை இலையாக வெட்டி எறிந்தேன். அனுபியாஸ் ஒரு இலை விடவே வாரக்கணக்கில் ஆகும் செடி. அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இவ்வளவு சொல்கிறேன்.

ட்யூப் வாங்கும்போது உலோக முனையை ஒட்டி அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 865 என்று இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். முதல் 8, நிறங்களைச் சரியாகக் காட்டும் திறன் 80-க்கு மேல் என்பதற்கு. 65 என்பது 6500 கெல்வின், பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை. 840 போட்டாலும் செடி வளரும். பார்க்கச் சற்று மஞ்சளாக இருக்கும், அவ்வளவுதான்.

ஊதா ட்யூபில் ஏமாற்று ஒன்றும் இல்லை. செடியின் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும்தான் அதிகம் உறிஞ்சும். அந்த ட்யூப் அவற்றைத் தருகிறது. நம் கண்ணோ பச்சையைத்தான் பளிச்சென்று பார்க்கும். அதனால் தொட்டி மங்கலாகத் தெரியும். பெட்டியில் போட்டிருக்கும் லூமன் என்ற வெளிச்சக் கணக்கும் மனிதக் கண்ணுக்கானது, செடிக்கு அல்ல. சிவப்பு மீன்கள் ஜொலிக்க வேண்டும் என்றால் இரண்டில் ஒன்றை ஊதாவாகப் போடுங்கள். செடிக்காக மட்டும் என்றால் 865 இரண்டே போதும்.

ட்யூபுக்கு மேலே ரிஃப்ளெக்டர் கட்டாயம் வேண்டும். ட்யூப் எல்லாப் பக்கமும் எரிகிறது. மேலே போகும் பாதி வெளிச்சத்தைக் கீழே திருப்பினால் அது இன்னொரு ட்யூபுக்குக் கிட்டத்தட்ட சமம். அப்புறம் அந்த மூடிக் கண்ணாடி. அதைக் கழற்றி ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். தெறித்த தண்ணீர் காய்ந்து உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் கழுவிவிட்டுத் திரும்ப வையுங்கள். டைமர் வைத்து ஒரு நாளைக்கு 7 மணி நேரம் எரிய விடுங்கள்.

கேள்வி: என் ட்யூபின் இரண்டு முனையும் கறுத்துவிட்டன, ஆனால் எரிகிறது. மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றுங்கள். உள்ளே இழையில் பூசிய பொருள் ஆவியாகிப் படிந்த கறுப்பு அது; ட்யூப் முடியப் போகிறது என்று அர்த்தம். இரண்டு ட்யூப் இருந்தால் ஒரே நாளில் மாற்றாமல் ஒரு மாதம் இடைவெளி விடுங்கள். திடீரென்று கூடும் வெளிச்சத்தில் பாசி கிளம்பும். உள்ளே பாதரசம் இருப்பதால் பழையதை உடைக்காமல் மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள். தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, துடைப்பம் போடாமல், கெட்டி அட்டையால் அள்ளி ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.